நாகா மக்களும் சர்ச்சும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடகிழக்கு இந்தியாவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நாகாக்கள் ஏன் கிறிஸ்தவர்கள் ஆனார்கள், சர்ச் அங்கே என்ன செய்கிறது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நாகா கிராமத்தில் சர்ச் என்பது வழிபாட்டு இடத்துக்கும் மேலான ஒன்று. ஊர் கூடுவது, பிள்ளை வளர்ப்பது, பஞ்சாயத்து பேசுவது, துக்கம் காப்பது எல்லாம் அதைச் சுற்றித்தான் நடக்கின்றன. இதைப் புரிந்துகொள்ளாமல் நாகா அரசியலையோ நாகா வீட்டையோ புரிந்துகொள்ள முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

நாகாக்கள் எல்லோரும் கிறிஸ்தவர்களா?

ஏறக்குறைய. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாகாலாந்து மாநிலத்தில் சுமார் 88 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். மீதமுள்ளவர்களில் பெரும்பாலோர் திமாபூர் போன்ற ஊர்களில் குடியேறிய பிற சமூகத்தினர். ஆக, நாகாக்களை மட்டும் எடுத்துக்கொண்டால் விகிதம் இன்னும் கூடும். நாகாக்கள் ஒரே இனக்குழு கிடையாது. ஆவோ, அங்கமி, சூமி, லோதா, கொன்யாக், சாகேசாங், தாங்குல் என்று பல குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் தனி மொழி. மணிப்பூரின் மலை மாவட்டங்களிலும், அருணாசலத்திலும், அசாமிலும், எல்லைக்கு அப்பால் மியான்மரிலும் வாழ்கிறார்கள். நாகாலாந்தில் பெரும்பான்மையினர் பாப்டிஸ்ட் சபையினர். கத்தோலிக்கர்களும், விசுவாசத்தைப் புதுப்பிக்கும் எழுப்புதல் கூட்டங்களிலிருந்து பிறந்த சபைகளும், பெந்தெகொஸ்தே சபைகளும் உண்டு.

கிறிஸ்தவம் முதலில் எப்படி அங்கே போனது?

அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வின்டர் கிளார்க், அசாமின் சிப்சாகரில் அச்சகம் நடத்திக்கொண்டிருந்தவர். மலைக்கு முதலில் ஏறியது அவர் இல்லை. கோதுலா என்ற அசாமிய ஊழியர்தான் போனார். சிப்சாகர் பக்கம் வந்து தங்கியிருந்த சுபோங்மெரென் என்ற ஆவோ நாகாவிடம் மொழி கற்றுக்கொண்டு, 1871 வாக்கில் மோலுங்கிமோங் கிராமத்துக்குப் போனார். ஊர்க்காரர்கள் அவரை ஆங்கிலேயரின் ஒற்றன் என்று சந்தேகப்பட்டுக் காவலில் வைத்தார்கள். அவர் பாடிக்கொண்டே இருந்தார். பாட்டைக் கேட்க ஆள் சேர்ந்தது. 1872 நவம்பரில் ஒன்பது ஆவோ நாகாக்கள் சிப்சாகருக்கு இறங்கிவந்து திகு ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார்கள். டிசம்பரில் கிளார்க் மலையேறிப் போனபோது கிராமத்திலேயே இன்னும் சிலர் சேர, 1872 டிசம்பர் 22 அன்று முதல் நாகா சபை உருவானது.

1876இல் கிளார்க் அங்கேயே குடியேறினார். அப்போது அது ஆங்கிலேய ஆட்சிக்கு வெளியே இருந்த நிலம். துப்பாக்கிக் காவல் ஏதும் இல்லாமல்தான் போனார். ஆனால் புது மதம் ஊரைப் பிளந்தது. அதே ஆண்டு அக்டோபரில் சபையினர் பிரிந்து போய் மோலுங்யிம்சென் என்ற புது ஊரை அமைத்தார்கள். 1894இல் மிஷன் இம்பூருக்கு மாறியது. இன்றும் ஆவோ பாப்டிஸ்டுகளின் தலைமையிடம் இம்பூர்தான்.

அப்படியென்றால் வெளிநாட்டு மிஷனரிகள்தான் மதம் மாற்றினார்கள் என்று சொல்லலாமா?

தமிழில் இந்தக் கேள்வி அடிக்கடி வருவதால் எண்களோடு சொல்கிறேன். 1951 கணக்கெடுப்பில் நாகா மலைப் பகுதியில் கிறிஸ்தவர்கள் சுமார் 46 சதவீதம். அமெரிக்க மிஷனரிகளை இந்திய அரசு 1950களின் நடுவில் வெளியேற்றிவிட்டது. அதன் பிறகு 1961இல் 53 சதவீதம், 1971இல் 67, 1981இல் 80. மிஷனரிகளின் எண்பது ஆண்டுகளில் 46 சதவீதம்தான் எட்டியது, 1951க்குப் பிறகு முப்பதே ஆண்டுகளில் இன்னும் 34 சதவீதப் புள்ளிகள் கூடின.

அதைச் செய்தவர்கள் நாகாக்களே. ஆவோ ஊழியர்கள் கொன்யாக் கிராமங்களுக்குப் போனார்கள். அவர்களில் லோங்ரி ஆவோவின் பெயர் பின்னால் சமாதான முயற்சிகளிலும் வரும். தனிநாடு கேட்டு எழுந்த நாகா ஆயுதப் போராட்டம், அதை ஒடுக்க ராணுவ நடவடிக்கைகள், எரிந்த கிராமங்கள், இடம்பெயர்க்கப்பட்ட மக்கள் என்று 1950களும் 60களும் போயின. எல்லாம் சிதைந்துபோன காலத்தில் ஊருக்கு ஊர் ஒரே பாட்டும் ஒரே ஜெபமும் இருந்தது மக்களுக்குப் பிடிமானமாக அமைந்தது. அதோடு 'இந்தியாவிலிருந்து நாம் வேறுபட்டவர்கள்' என்ற உணர்வுக்கும் கிறிஸ்தவம் வடிவம் கொடுத்தது. 1950களிலும் 70களிலும் எழுப்புதல் அலைகள் வந்தன. 1972இல் நூற்றாண்டு விழாவுக்கு அமெரிக்கப் பிரசங்கி பில்லி கிரகாம் கோஹிமாவுக்கு வந்தபோது, சாலை வசதி சரியாக இல்லாத அந்தக் காலத்தில் பல நாள் நடந்தே வந்தவர்கள் ஏராளம். வெளியிலிருந்து திணிக்கப்பட்ட ஒன்றுக்காக இவ்வளவு பேர் மலையிறங்கி வரமாட்டார்கள்.

பழைய வாழ்க்கையில் சர்ச் எதையெல்லாம் மாற்றியது?

தலை வேட்டை நின்றது. இதில் ஆங்கிலேய நிர்வாகத்தின் பங்கும் உண்டு, ஆனால் பக்கத்து ஊர்க்காரனைச் சகோதரன் என்று கூப்பிடவைத்தது சபை. இந்த ஒன்றுக்காகவே முதியவர்கள் பலர் இன்றும் நன்றியோடு பேசுவார்கள்.

ஆனால் அதோடு போனவை வேறு சில. முதலாவது மொரங். வயது வந்த ஆண் பிள்ளைகள் இரவில் ஒன்றாகத் தங்கும் பொதுக் கூடம் அது. போர்ப் பயிற்சி, கதை, பாட்டு, கைவினை, பெரியவர்களிடம் நடந்துகொள்ளும் முறை எல்லாம் அங்கேதான். ஆவோ மொழியில் அதற்கு அரிஜு என்று பெயர். மிஷனரிகள் அதைப் பழைய மதத்தின் கூடாரமாகப் பார்த்தார்கள். பள்ளிக்கூடமும் ஞாயிறு பள்ளியும் வந்த பிறகு மொரங்குகள் காலியாகின.

இரண்டாவது இழப்பைப் பெரிதாக நினைக்கிறேன். வசதி படைத்த ஒருவர் படிப்படியாக ஊருக்கே விருந்து வைப்பார். மிதுன் மாடு வெட்டி, அரிசி பீர் காய்ச்சி, சேர்த்து வைத்த நெல்லை ஊருக்கே கரைத்துவிடுவார். பதிலுக்கு அவருக்குக் கிடைப்பது மரியாதையும், குறிப்பிட்ட வடிவமைப்பில் சால்வை போர்த்தும் உரிமையும், வீட்டு முகப்பை அலங்கரிக்கும் உரிமையும். செல்வம் ஒரு வீட்டில் தேங்காமல் பார்த்துக்கொண்ட ஏற்பாடு அது. பலியும் மதுவும் அதில் இருந்ததால் சபை தடுத்தது. 1920களுக்கு முன்பின்னாக மொகோக்சுங்கில் நிர்வாகியாக இருந்த ஜே.பி.மில்ஸ் இதைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். அவர் ஆங்கிலேய அதிகாரி, பழங்குடிகளை அப்படியே வைத்திருக்க நினைத்தவர் என்று அவரைத் தள்ளிவிடலாம். விருந்து நின்றதால் ஏழை வீட்டுக்குப் போன அரிசியும் நின்றது என்ற அவருடைய கவலையைத் தள்ள முடியாது.

பாட்டு, நடனம், மரத்தைக் குடைந்து செய்யும் பெரிய முரசு, இவையும் ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டன. இப்போது நிலை மாறியிருக்கிறது. ஆவோக்களின் மோஆட்சு, அங்கமிகளின் செக்ரேன்யி, கொன்யாக்குகளின் ஆவோலிங் எல்லாம் விமரிசையாக நடக்கின்றன. மேடையில் முதலில் பாஸ்டர் ஜெபம் செய்வார், அப்புறம் போர் நடனம் தொடங்கும்.

ஒரு கிராமத்து வீட்டின் வாரத்தில் சர்ச் எவ்வளவு இடம் பிடிக்கிறது?

நிறைய. ஞாயிறு அன்று கடைகள் மூடியிருக்கும், வயல் வேலைக்குப் போவது பல ஊர்களில் தடை. காலையில் ஞாயிறு பள்ளி, அதில் சின்னப் பிள்ளைகளோடு பெரியவர்களுக்கும் வகுப்பு உண்டு. பிறகு முக்கிய ஆராதனை, மாலையில் இன்னொன்று. வார நாட்களில் பெண்கள் ஜெபக் கூட்டம், இளைஞர் கூட்டம், பாடகர் குழு பயிற்சி, பகுதிவாரியாக வீட்டு ஜெபம். இதில் ஏதாவது ஒன்றில் பொறுப்பு இல்லாத ஆள் ஊரில் குறைவு. டீக்கன், ஞாயிறு பள்ளி ஆசிரியர், பொருளாளர், கூட்டம் நடத்துபவர் என்று பதவிகள் சுழன்றுகொண்டே இருக்கும். கணக்கு எழுதுவதையும் மேடையில் பேசுவதையும் பல நாகாக்கள் முதலில் கற்றது சபையில்தான்.

பணம் தசமபாகமாகவும் காணிக்கையாகவும் வரும். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு என்பதைப் பலர் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார்கள். முதல் சம்பளத்தை முழுதாகவே கொடுப்பவர்களும் உண்டு. நெல், காய்கறி, கோழி என்று பொருளாகக் கொடுப்பதும் நடக்கிறது.

சாவு வீட்டில்தான் சபையின் உண்மையான பலத்தைப் பார்க்க முடியும். செய்தி கேட்டவுடன் இளைஞர்கள் குழி வெட்டவும் விறகு கொண்டுவரவும் கிளம்பிவிடுவார்கள். பெண்கள் சமையலைப் பார்த்துக்கொள்வார்கள். இரவெல்லாம் பாடுவார்கள். செலவு குடும்பத்தின் தலையில் மட்டும் விழாது. நகரத்தில் தனியாக வாழும் நாகாவும் தன் இன சபையில் பெயரைப் பதிந்து வைத்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதற்கு விலையும் உண்டு. சபைக் கட்டுப்பாடு என்று ஒன்று இருக்கிறது. திருமணம் ஆகாமல் சேர்ந்து வாழ்வது, குடிப்பது போன்றவற்றுக்காகத் திருவிருந்திலிருந்து சில காலம் விலக்கி வைப்பார்கள். சின்ன ஊரில் அது எல்லோருக்கும் தெரிந்துவிடும். சிலருக்கு அது திருந்தும் வாய்ப்பு. வேறு சிலருக்கு ஊரை விட்டே போகவைக்கும் அவமானம்.

கிறிஸ்துமஸ் எப்படி இருக்கும்?

டிசம்பர் வந்தால் திமாபூரிலும் கோஹிமாவிலும் வேலை செய்பவர்கள் கிராமத்துக்குத் திரும்புவார்கள். ஆராதனை முடிந்ததும் ஊரே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் சமூக விருந்து. பன்றியும் மாடும் வெட்டி, பெரிய அண்டாக்களில் ஆண்களே சமைப்பார்கள். வசதி உள்ளவர்கள் அதிகம் கொடுப்பார்கள், எல்லோரும் ஒரே சாப்பாடு சாப்பிடுவார்கள். மேலே சொன்ன பழைய விருந்தின் நல்ல பகுதி இங்கே உயிரோடு இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

படிப்பிலும் மொழியிலும் சபையின் பங்கு என்ன?

எழுத்தே அதன் வழியாக வந்தது. பல நாகா மொழிகளுக்கு ரோமன் எழுத்தில் எழுத்துமுறை அமைத்து, பாலபாடமும் பாட்டுப் புத்தகமும் வேதாகமமும் அச்சிட்டது மிஷன்தான். கிளார்க் தொகுத்த ஆவோ அகராதி 1911இல் வெளிவந்தது. கோஹிமாவில் ரிவன்பர்க் அங்கமி மொழியிலும், மணிப்பூரின் உக்ருலில் 1896 முதல் வில்லியம் பெட்டிக்ரூ தாங்குல் மொழியிலும் இதே வேலையைச் செய்தார்கள். மாநில அரசின் அலுவல் மொழி ஆங்கிலம், சந்தையில் பேசுவது நாகாமீஸ். சொந்த மொழியை வாரம் தவறாமல் சத்தமாக வாசிக்கும் இடம் இன்றும் சபைதான். நான்கு குரல் சேர்ந்திசையை டோனிக் சோல்ஃபா குறிப்புகளைப் பார்த்துப் பாடும் பழக்கமும் அங்கிருந்து வந்தது. நாகா இசைக்குழுக்களில் பாடுபவர்களைக் கேட்டால் பெரும்பாலோர் சர்ச் பாடகர் குழுவில்தான் தொடங்கியிருப்பார்கள்.

மதுவிலக்குக்கும் சர்ச்சுக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. நாகாலாந்தில் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் முழு மதுவிலக்கு இருக்கிறது. அதற்காகப் பாடுபட்டதில் முன்னணியில் நின்றது பாப்டிஸ்ட் சபைகளின் கூட்டமைப்பான நாகாலாந்து பாப்டிஸ்ட் சர்ச் கவுன்சில். பெண்கள் அமைப்புகளும் கூடவே நின்றன. குடியால் அடி வாங்கிய வீடுகளின் கோபம் அதில் இருந்தது, அதைக் குறைத்துப் பேசக்கூடாது.

ஆனால் சட்டம் தோற்றுவிட்டது. திமாபூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் அசாம் எல்லையில் உள்ள கட்கட்டியில் மதுக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. உள்ளே கள்ளச் சந்தை. போலிச் சரக்கும் விற்கிறது. அரசு சட்டத்தைத் திருத்தலாமா என்று பேச்சு எடுக்கும்போதெல்லாம் கவுன்சில் எதிர்க்கிறது. சபை தன் உறுப்பினர்களிடம் குடிக்காதே என்று சொல்லட்டும், அது அதன் உரிமை, கடமையும்கூட. காவல்துறையை வைத்து அதைச் செய்யப் பார்ப்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. குடி குறையவில்லை, லஞ்சம் கூடியது.

அரசியலில் சபை சொல்வதை மக்கள் கேட்கிறார்களா?

பாதி கேட்கிறார்கள். 2013 தேர்தலுக்கு முன் கவுன்சில் 'சுத்தமான தேர்தல்' இயக்கத்தைத் தொடங்கியது. ஓட்டுக்குப் பணம் வாங்காதீர்கள், ஒருவர் ஓட்டை இன்னொருவர் போடாதீர்கள், கிராம சபை (ஊர் நிர்வாக மன்றம்) முன்கூட்டியே ஒரு வேட்பாளரை முடிவு செய்து எல்லோரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றார்கள். எல்லாம் சரியான கோரிக்கைகள். அதன் பிறகும் தேர்தலில் பணம் ஓடுகிறது. பணம் கொடுத்தவரும் வாங்கியவரும் அடுத்த ஞாயிறு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் கொடுக்கும் காணிக்கையிலும் அந்தப் பணம் வரும். பெரிய தேவாலயக் கட்டடங்கள் எழும்பும்போது, இது எங்கிருந்து வந்த பணம் என்ற கேள்வியை நாகா இறையியலாளர்களே எழுப்புகிறார்கள். 2017இல் சுன்ஹெபோட்டோவில் திறக்கப்பட்ட சூமி பாப்டிஸ்ட் தேவாலயம் ஆசியாவிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று, எட்டாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். அந்த மாவட்டத்துச் சாலைகளில் பயணம் செய்தவர்களுக்கு அந்தக் கேள்வி தானாகவே வரும்.

2018 தேர்தலின்போது, சிலுவையை விட்டுத் திரிசூலத்தின் பக்கம் போய்விடாதீர்கள் என்ற பொருளில் கவுன்சில் கடிதம் வெளியிட்டது. பாஜக அந்தத் தேர்தலில் 20 இடங்களில் நின்று 12 இடங்களில் வென்றது. 2023இலும் அதே 12. வேட்பாளர் யார், எந்தக் குலம், எந்த ஊர் என்பது ஓட்டுச் சாவடியில் பாஸ்டரின் குரலைவிட வலுவாக ஒலிக்கிறது.

ஆயுதப் போராட்டத்தில் சபை எந்தப் பக்கம்?

அரசு, போராளிகள் என இரண்டு பக்கமும் அதைத் தன் பக்கம் என்று நினைத்தது, சபை நடுவில் மாட்டிக்கொண்டது. போராளிகளின் முழக்கமே 'நாகாலாந்து கிறிஸ்துவுக்கே'. முகாம்களில் ஆராதனை நடக்கும். அதே நேரம் கொலையைக் கண்டித்ததும் சபைதான்.

1964 தொடக்கத்தில் வோக்காவில் கூடிய பாப்டிஸ்ட் மாநாடு ஒரு சமாதானக் குழுவை அமைக்க முன்வந்தது. ஜெயப்பிரகாஷ் நாராயண், அசாம் முதல்வர் பி.பி.சாலிஹா, ஆங்கிலேயப் பாதிரியார் மைக்கேல் ஸ்காட் மூவரும் அதில் இருந்தார்கள். 1964 செப்டம்பர் 6, ஒரு ஞாயிற்றுக்கிழமை, போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு மக்கள் பயமில்லாமல் வயலுக்குப் போனார்கள். அந்த சமாதானம் நிலைக்கவில்லை, ஆனால் அந்த மூச்சுவிடும் இடைவெளியைத் தந்தது சபை.

போராளிகளில் ஒரு பகுதியினர் இந்திய அரசோடு செய்துகொண்ட 1975 ஷில்லாங் ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களுக்குள் பிளவுகள் வந்தன. 1988க்குப் பிறகு நாகாவை நாகாவே சுட்டுக்கொன்ற காலம் மிகக் கொடுமையானது. 2008இல் பாப்டிஸ்ட் இறையியலாளர் வாட்டி அயர் தலைமையில் நாகா நல்லிணக்க மன்றம் உருவானது. பிரிட்டனின் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் அமெரிக்க பாப்டிஸ்டுகளும் உதவினார்கள். தாய்லாந்தின் சியாங் மாயில் எதிரெதிர்க் குழுவினரைப் பல முறை உட்காரவைத்துப் பேசவைத்தார்கள். 2009 ஜூனில் மூன்று பிரிவுத் தலைவர்கள் நல்லிணக்க உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அதற்குப் பிறகு குழுச் சண்டைக் கொலைகள் வெகுவாகக் குறைந்தன. நாகா சபையின் வரலாற்றில் இதைத்தான் நான் மிக உயர்வாக வைப்பேன்.

ஒரு தடையையும் சொல்ல வேண்டும். சபைகளே இனவாரியாகத்தான் அமைந்திருக்கின்றன. கோஹிமாவில் அங்கமி பாப்டிஸ்ட் சபை தனி, ஆவோ சபை தனி, லோதா சபை தனி. மொழி காரணமாக அது இயல்பு. ஆனால் இனங்களுக்குள் மனக்கசப்பு வரும் வாரத்தில் ஒவ்வொருவரும் தன் சொந்த ஆட்களோடு மட்டும் ஜெபிக்கிறார்கள்.

பெண்களின் நிலை என்ன?

என்னை அதிகம் வருத்துவது இதுதான். ஆராதனைக்கு வருவதிலும், ஜெபக் குழு நடத்துவதிலும், நோயாளிகளைப் பார்ப்பதிலும், பணம் திரட்டுவதிலும் பெண்கள்தான் முன்னால் இருக்கிறார்கள். இறையியல் படித்த பெண்கள் ஏராளம். ஆனால் அபிஷேகம் பெற்றுத் தலைமைப் பாஸ்டராக இருக்கும் பெண்களை விரல்விட்டு எண்ணலாம். பெண்கள் துறை, துணைப் பொறுப்பு என்ற அளவில் நின்றுவிடுகிறது.

வழக்கச் சட்டப்படி பரம்பரை நிலம் பெண்ணுக்குப் போகாது. கிராம சபையும் காலங்காலமாக ஆண்களுடையது. அரசியலமைப்பின் 371ஏ பிரிவு இந்த வழக்கங்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. 2017இல் நகராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 33 சதவீத இடஒதுக்கீட்டை எதிர்த்துப் போராட்டம் வெடித்தது. திமாபூரில் இருவர் உயிரிழந்தார்கள், கோஹிமாவில் நகராட்சிக் கட்டடம் எரிந்தது. சபை அப்போது அமைதி காக்கச் சொன்னது, சமரசம் பேசியது. பெண்களின் உரிமை நியாயமானது என்று பிரசங்க மேடையிலிருந்து உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். தலை வேட்டையையும் அரிசி பீரையும் நூறு ஆண்டுகளுக்கு முன் எதிர்த்தபோது வழக்கம் என்ற வாதம் அதைத் தடுக்கவில்லையே.

மாற்றம் வருகிறது. 2023இல்தான் முதன்முறையாக ஹெகானி ஜகாலு, சல்ஹௌதுவோனுவோ குருசே என்ற இரண்டு பெண்கள் சட்டமன்றத்துக்குத் தேர்வானார்கள். 2024 ஜூனில் இடஒதுக்கீட்டோடு உள்ளாட்சித் தேர்தல் நடந்து முடிந்தது. 1984இல் தொடங்கிய நாகா தாய்மார்கள் சங்கம் இனி ரத்தம் சிந்தாதீர்கள் என்று போராளிகளின் முகாம்களுக்கே நடந்துபோய்க் கேட்டது. அந்தத் தாய்மார்கள் சபையில் வளர்ந்தவர்கள்தான்.

பழைய மதத்தில் இருப்பவர்கள் இன்னும் உண்டா?

சிலர் இருக்கிறார்கள். செலியாங்ரோங் என்ற நாகா மக்களிடையே ஜடோனாங் தொடங்கிய சீர்திருத்த இயக்கத்திலிருந்து ஹெரகா என்ற மதம் வளர்ந்தது. அவரை ஆங்கிலேயர் 1931இல் தூக்கிலிட்டார்கள். அதன் பின் ராணி கைடின்லியு அதை நடத்தினார். சபையோடு உறவு நீண்ட காலம் கசப்பாகவே இருந்தது. 2015இல் கோஹிமாவில் அவருக்கு நினைவு மண்டபம் கட்டும் திட்டத்துக்கும் எதிர்ப்பு எழுந்தது. சிறுபான்மையாக இருப்பதன் வலியை இந்தியாவில் நன்றாக அறிந்த ஒரு சமூகம், தன் நடுவில் இருக்கும் சிறுபான்மையிடம் இன்னும் பெருந்தன்மையாக இருக்கலாம்.

வெளியூர்க்காரர் நாகாலாந்து போனால் ஆராதனையில் கலந்துகொள்ளலாமா?

தாராளமாக. உள்நுழைவு அனுமதிச் சீட்டு முதலில் வாங்கிக்கொள்ளுங்கள், இந்தியர்களுக்கும் அது தேவை. ஞாயிறு அன்று ஊர் சுற்றவோ பொருள் வாங்கவோ திட்டம் போடாதீர்கள். பெரும்பாலான ஆராதனைகள் அந்தந்த இன மொழியில் இருக்கும், கோஹிமாவிலும் திமாபூரிலும் ஆங்கில ஆராதனைகளும் உண்டு. எல்லோரும் தங்களிடம் உள்ள நல்ல உடையில் வருவார்கள், நீங்களும் அப்படியே போங்கள். புதியவரைக் கண்டால் எழுந்து நிற்கச் சொல்லி வரவேற்பார்கள், பெயரும் ஊரும் சொன்னால் போதும். முடிந்ததும் யாராவது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் மறுக்க வேண்டாம். பன்றிக்கறி சாப்பிட மாட்டீர்கள் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.